கரையில் தொடங்கிய தூய்மை

திருக்கோயில் வழிபாட்டில் நீரின்றி நடைபெறுவது ஒன்றுமில்லை. மூலவருக்குத் திருமஞ்சனம், பரிவாரத் தெய்வங்களுக்கு நீராட்டு, அடியவர்க்குத் தீர்த்தம் என எதைச் சொன்னாலும் அங்கே நீர் நிற்கின்றது. குடமுழுக்கு என்னும் பெருவிழாவின் பெயரே குடத்து நீரால் அமைந்த பெயர். திருவள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இறைவனை எண்ணிய நெஞ்சம் அடுத்து எண்ணத்தக்கது மழையே என்பது அந்த அதிகார வரிசையிலேயே விளங்குகின்றது.

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலாகிய அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில் இன்றுள்ள இடத்தில் அமைந்ததற்கும் நீரே ஒரு காரணம். 1819-ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸ் அவர்களுடன் இங்கு வந்த நாராயண பிள்ளை, ஒரு கோயில் எழுப்ப வேண்டுமென்று பெரிதும் முயன்றார். முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் ஒதுக்கப்பட்டது. வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்கே எளிதில் கிடைக்கவில்லை. ஆதலால் அவ்விடம் கைவிடப்பட்டது. அடுத்துக் குறிக்கப்பட்ட இடம் நகர அமைப்புத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823-இல்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் ஆன எளிய கோயில் எழுந்தது. அச்சாலையின் பெயரோ சிங்கப்பூர் ஆற்றின் மீதிருந்த பாலத்தால் வந்தது. ஆற்றையும் கோயிலையும் இணைக்கும் சாலையில் அன்னை வீற்றிருக்கின்றாள்.

அந்த ஆறு மாசடைந்து, நாற்றமெடுத்து, பின்னர்த் தூய்மை பெற்று, இன்று இந்நகரத்தாரின் குடிநீருக்கும் உலாவிடத்துக்கும் உதவுகின்ற வரலாறு அன்பர்கள் அறிந்து போற்றத்தக்கது. சிங்கப்பூர் ஆறு பெரிய ஆறன்று. கிம் செங் பாலத்திலிருந்து கழிமுகம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமே உடையது. எனினும் இந்நாட்டின் வாணிகம் முழுவதும் ஒரு காலத்தில் அதன் மடியில்தான் வளர்ந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து அரிசியும் மிளகும் ரப்பரும் தொங்கான் எனப்பட்ட சரக்குப் படகுகளில் ஏற்றப்பட்டுக் கரையோரக் கிடங்குகளுக்கு வந்தன. தொடக்கக் காலத்தில் அப்படகுகளைச் செலுத்தியவருள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். அவர்களின் நினைவாக இன்றும் சூலியா தெரு இருக்கின்றது. ஆற்றுக்கு அண்மையில் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகளில் அமர்ந்து பற்று வரவு எழுதினர். வாணிகத்தில் ஈட்டியதில் ஒரு பங்கை இறைவனுக்கெனக் கொண்டு, 1859-இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணிக்குத் திருக்கோயில் கண்டனர்.

அன்பர்களே! வாழ்வளித்த ஆற்றுக்கு மக்கள் திருப்பித் தந்தது என்ன? அழுக்கைத்தான் தந்தனர். தீய எண்ணத்தால் யாரும் அதனைச் செய்யவில்லை. பிழைப்பைத் தேடி வந்தவர்கள் கரையோரத்தில் நெருங்கிக் குடியிருந்தனர். அக்குடிசைகளுக்குக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வாளிக் கழிவறைகளே இருந்தன. சாலையோரத்தில் உணவு விற்றவர்களுக்குப் பாத்திரம் கழுவ ஓரிடம் கிடையாது; எஞ்சிய சோறும் எண்ணெயும் அருகிலிருந்த வடிகாலில் விழுந்தன. காலாங் ஆற்றுப் பகுதியில் 600-க்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் ஏறத்தாழ 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. அவற்றின் கழிவும் ஓடைகள் வழியே ஆற்றை அடைந்தது. படகுகளிலிருந்து எண்ணெய் வழிந்தது. பட்டறைகளிலிருந்து மரத்தூளும் இரும்புத் துருவும் சேர்ந்தன. நீர் கருத்தது, மீன் மறைந்தது. பாலத்தைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தனர்.

1977-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பேசினார். இன்னும் பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்னும் கருத்தை அவர் அங்கு வெளியிட்டார். கேட்டவருள் பலர் அதனை நடவாத செயலாகவே கருதியிருப்பர். ஆயினும் சுற்றுச்சூழல் அமைச்சு பொறுப்பை ஏற்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஜூரோங் நகராண்மைக் கழகம், துறைமுக ஆணையம் முதலிய அமைப்புகள் துணை நின்றன.

இவ்விடத்தில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. தூய்மைப் பணி ஆற்று நீரில் தொடங்கவில்லை. சேற்றை அள்ளுவதும் மிதக்கும் குப்பையை வாருவதும் எளிய வேலைகள். ஆனால் இன்று அள்ளினால் நாளை மீண்டும் சேரும். மாசு பிறக்கும் இடம் ஆறு அன்று. ஆற்றை நோக்கிச் சரியும் நிலம். இந்த இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி அன்றைய சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு தொழுவமும் கழிவை எங்கே விடுகின்றன என்று முதலில் கணக்கெடுத்தனர்.

கணக்கெடுத்த பின்னர் யாரையும் துரத்திவிட்டால் போதும் என்று இருந்துவிடவில்லை. வீடற்றுப் போவோர்க்கு வீடு, கடையற்றுப் போவோர்க்குக் கடை என்று மாற்றிடம் காட்டினர். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை குழாய் நீரும் கழிவறையும் உடைய அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றன. சாலையோர வணிகர் ஏறத்தாழ 5,000 பேர் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் கொண்ட உணவங்காடி நிலையங்களுக்கு மாறினர். காய்கறி மொத்த வணிகர் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குச் சென்றனர். 1983-இல் ஏறத்தாழ 800 தொங்கான்கள் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அனுப்பப்பட்டன. மலம் சுமக்கும் வாளி முறை 1987 ஜனவரியில் நாடெங்கும் முற்றாக ஒழிந்தது. ஆற்றைத் தூய்மை செய்யும் பணி, மனிதர் மலம் சுமந்த இழிவு நீங்கிய அதே காலத்தில் நடந்தேறியது என்பது மறக்கத்தக்கதன்று.

மெய்யன்பர்களே! இந்தத் தூய்மைக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையும் நன்றியுடன் எண்ண வேண்டும். அரசு செலவிட்டது மறுகுடியமர்த்தல் இழப்பீடு நீங்கலாக ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி. ஆனால் ஏட்டில் எழுதப்படாத செலவும் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் படகு செலுத்தியவர் ஆற்றை விட்டு நீங்கினார். பண்ணையாளர் சிலர் பொங்கோலுக்கு மாறினர். 1984-இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாகக் கைவிடுவதென அரசு முடிவு செய்தபோது அவர்கள் மீண்டும் தொழிலை இழந்தனர். ஒரே மரத்தடியில் இருபது ஆண்டுகள் வணிகம் செய்தவருக்குப் புதிய கட்டடத்தில் பழைய வாடிக்கையாளர் வருவாரா என்னும் அச்சம் இருந்தது. இழப்பீடு கிடைத்தது உண்மை. பழகிய வாழ்வு கைநழுவியதும் உண்மை. படகுகள் நீங்கிய ஆறு வெறிச்சோடிப் போயிற்று என்று வருந்தியோரும் உளர்.

தானம் என்றால் பொன்னும் பொருளும் வழங்குவது மட்டுமென்று எண்ணுவது வழக்கம். தம் தொழிலையும் இடத்தையும் பொது நன்மைக்காக விட்டுக்கொடுத்தவரின் செயலும் தானமே. அவர்களுள் பலர் தாமாக முன்வந்து கொடுத்தவரல்லர். விட்டுச் செல்ல வேண்டிய நிலையில் விட்டவர்கள். அதனாலேயே அவர்களுக்குப் பின்வந்தோர் பட்ட கடன் மிகுதியாகின்றது. இன்று மாலை நேரத்தில் ஆற்றங்கரையில் காற்று வாங்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் விருந்தாளியே ஆவார்.

மாசு வரும் வழிகள் அடைபட்ட பின்னரே ஆற்றுப் படுகையில் கைவைத்தனர். பல்லாண்டுகளாகப் படிந்திருந்த கருஞ்சேற்றை வாரி எடுத்தனர். காலாங் கழிமுகத்தில் சேறு இருந்த இடத்தில் மணல் கொட்டிக் கரை அமைத்தனர். நீரில் உயிர்க்காற்று பெருகியது. மீனும் இறாலும் திரும்பின. 1987 செப்டம்பரில் பணி நிறைவு விழா நடைபெற்றது. பணியை முன்னின்று நடத்திய அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. பத்தாண்டு என்று சொன்ன சொல் பத்தாண்டிலேயே நிறைவேறியது.

ஆறு தூய்மையானதும் மக்கள் தாமாகவே அதனை நோக்கித் திரும்பினர். நாற்றத்தால் ஒதுங்கிய கரை, நடைபாதையும் நிழல்மரமும் கொண்ட பொது இடமாயிற்று. 1989-இல் படகுத்துறைப் பகுதியின் பழைய கடைவீடுகள் பாதுகாக்கப்பட வேண்டியவை என அறிவிக்கப்பட்டன. கிளார்க் கீ கிடங்குகள் செப்பனிடப்பட்டு 1993-இல் புதிய பயன்பாட்டுக்கு வந்தன. ஆற்றில் துள்ளிக் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகள் இன்று கரையில் இருக்கின்றன. மூட்டை சுமந்தவரும் பற்று வரவு எழுதியவரும் உலவிய மண்ணில் இப்போது முதியோர் நடக்கின்றனர், குழந்தைகள் ஓடுகின்றனர். நுழைவுக் கட்டணம் இல்லாத இத்தகைய இடம் ஏழைக்கும் செல்வருக்கும் ஒருசேர உரியது. இவ்வகையில் நல்ல ஆற்றங்கரை, திருக்கோயிலின் வெளிப்பிராகாரத்தை ஒத்தது.

அடுத்த பெரிய மாற்றம் 2008-இல் நிகழ்ந்தது. மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்தில் அணைக்கட்டு எழுந்தது. கடல்நீர் உள்ளே வருவதை அது தடுக்கின்றது. மழைநீரை உள்ளே தேக்குகின்றது. உட்புறத்திலிருந்த உப்புநீரை மழைநீர் சிறிது சிறிதாக வெளியேற்றியது. 2010-இல் அது நாட்டின் பதினைந்தாவது நீர்த்தேக்கமாக முறைப்படி செயல்படத் தொடங்கியது. 10,000 ஹெக்டர் நிலத்தில், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இங்கு வந்து சேர்கின்றது. ஜொகூரிலிருந்து வரும் நீரையும் நம்பியிருக்கும் இச்சிறு நாட்டுக்கு நகரின் நடுவிலேயே ஒரு குடிநீர் ஏரி அமைந்தது பெரும்பேறு. முன்பு ஆறுகள் தூய்மை செய்யப்படாதிருந்தால் இந்த அணைக்கட்டைக் கட்டியும் பயனில்லை. சாக்கடையைத் தேக்கியதாகவே முடிந்திருக்கும். அணைக்கட்டின் மேற்கூரை ஒரு புல்வெளி. அங்கே குடும்பங்கள் கூடிப் பட்டம் விடுகின்றன.

பின்னர் வேறொரு பாடமும் கற்கப்பட்டது. வெள்ளம் விரைந்து வடிய வேண்டும் என்பதற்காக முன்னைய தலைமுறையினர் பல ஓடைகளை நேராக்கிச் சிமெண்டுக் கால்வாய்களாக மாற்றியிருந்தனர். அக்காலத்துக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் அத்தகைய கால்வாயில் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. மனிதர் இறங்க வழியுமில்லை. வேலி மட்டுமே உண்டு. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களின் அருகே கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டுக் கால்வாய் உடைக்கப்பட்டு, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் இயற்கை ஆறாக 2012-இல் மலர்ந்தது. கரையில் செடி கொடிகளின் வேரும் கல்லும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. சாதாரண நாளில் ஆறு மெல்லிய ஓடையாக நடக்கின்றது. பெருமழை பொழிந்தால் புல்வெளி மீது விரிந்து பரவி, வேகம் தணிந்து, பின்னர் வடிகின்றது. நீர் உயரும்போது மக்களை எச்சரிக்க விளக்கும் ஒலியும் உண்டு. 2014-இல் இப்பூங்காவில் நீர்நாய்கள் குடும்பமாகக் காணப்பட்டன. அழைப்பிதழ் அனுப்பாமலேயே வந்த அந்த விருந்தினர், நீர் நலமாயிருப்பதற்குத் தக்க சான்று.

அன்பர்களே! இனிக் கூறப்படுவது திருக்கோயிலுக்கு வருவோர் ஒவ்வொருவரையும் நேரடியாகச் சார்ந்தது. தைப்பூச நன்னாளில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடமும் காவடியும் ஏந்தி நடப்போர், வழியில் ரோச்சோர் கால்வாயைக் கடக்கின்றனர். பலருக்கு அது சாலையோரக் கால்வாயாக மட்டுமே தோன்றும். ஒரு காலத்தில் அதன் கரைப்புல்லை நம்பியே சிராங்கூன் வட்டாரத்தில் இந்தியர்களின் மாட்டுத் தொழில் செழித்தது. இன்று அந்த நீர் மரினா நீர்த்தேக்கத்துக்குச் செல்கின்றது. தேக்காவில் பெய்யும் மழையும் டேங்க் சாலையில் பெய்யும் மழையும் அங்கேதான் சேர்கின்றன.

இந்நாட்டில் இரண்டு வகைக் குழாய்வழிகள் உள்ளன. வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் பயன்படுத்திய நீர் மூடிய கழிவுநீர்க் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கின்றது. சாலையோரத்துத் திறந்த வடிகாலோ மழைநீருக்கு மட்டும் உரியது; அது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லாமல் ஆற்றையும் நீர்த்தேக்கத்தையும் நேரே அடைகின்றது. ஆதலால் அந்த வடிகாலில் ஊற்றப்படும் விளக்கெண்ணெய், வீசப்படும் வாடிய மாலை, எலுமிச்சை, தேங்காய் மட்டை, அன்னதானத் தட்டு, தண்ணீர்க் குவளை ஆகிய யாவும் அனைவரும் குடிக்கும் நீரை நோக்கியே பயணம் செய்கின்றன. அவற்றை மிதவைத் தடுப்புகளிலும் படகுகளிலும் நின்று அள்ளுவதற்கென்றே பணியாளர்கள் உழைக்கின்றனர்.

இறைவனுக்குச் சாத்திய மலரைக் குப்பையில் போட மனம் கூசுவது இயல்பே. ஓடும் நீரில் விடுவதே முறை என்று முன்னோர் கொண்டிருந்தனர். அவர்கள் காலத்து ஆறு பெரிது, ஊர் சிறிது, சாத்தியவை மலரும் இலையும் மட்டுமே. இன்று மாலையில் நூலோடு பிளாஸ்டிக் இழையும் கலந்துவருகின்றது, ஊர் பெரிதாயிற்று. முறையின் உட்பொருள், இறைவனுக்குரியது மிதிபடாமல் இயற்கையோடு சேர வேண்டும் என்பதே. அந்த உட்பொருளை மண்ணும் நிறைவேற்றும். மலரைத் தொட்டிச் செடிக்கு உரமாக்கலாம். எஞ்சிய எண்ணெயைத் தாளில் ஊறவைத்து, கட்டிக் குப்பைத் தொட்டியில் சேர்க்கலாம். திருவிழா நாளில் குவளையைக் கையில் வைத்திருந்து தொட்டியைக் கண்ட இடத்தில் இடலாம். இவை சிறிய செயல்கள். எனினும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளும் கைக்கு இவையே தகுதி சேர்க்கும்.

தாயகம் சென்று திரும்பும் அன்பர்கள் சிலர், அங்குள்ள ஆறுகளின் நிலை கண்டு மனம் வருந்துவதுண்டு. இவ்வூர் சிறியது, அவ்வூர் பெரியது. இரண்டையும் ஒப்பிட்டுக் குறை கூறுவதில் பயன் இல்லை. எனினும் வரிசை எவ்வூருக்கும் ஒன்றே. கரையில் வாழும் எளியவருக்கு முதலில் வீடும் கழிவறையும் தொழில் செய்ய இடமும் தர வேண்டும். அதன்பின் மாசு வரும் வழியை அடைக்க வேண்டும். அதற்கும் பின்னரே சேற்றை வார வேண்டும். பூங்காவும் நடைபாதையும் கடைசியில் வருவன. இந்த வரிசை தலைகீழானால் அழகிய நடைபாதையின் அருகே அழுக்கு நீர் ஓடும். அங்கிருந்து அகற்றப்பட்ட ஏழை வேறோர் ஓடைக்கரையில் போய்க் குடிசை போடுவார்.

நீர் தன்னிடம் வந்தவரைத் தரம் பிரிப்பதில்லை. சூலியரின் படகையும் சீனரின் படகையும் அது ஒருபோலவே தாங்கியது. இன்று எல்லாச் சமயத்தார் இல்லத்துக் குழாயிலும் ஒருபோலவே வருகின்றது. அத்தகைய நீரைக் காப்பது தனியே ஓர் அமைச்சின் பணியாக நின்றுவிடாமல், வழிபாட்டின் ஓர் உறுப்பாக ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெற வேண்டும். பெற்றோர் சொல்லப் பிள்ளைகள் கேட்டும், பெற்றோர் செய்யப் பிள்ளைகள் கண்டும் வளர வேண்டும்.

மழையாய்ப் பொழிந்து, ஆறாய் நடந்து, தீர்த்தமாய் அடியவர் கைக்கு வரும் பரம்பொருள், நீரைப் போற்றும் நல்லறிவையும் பிறர்க்காக விட்டுக்கொடுக்கும் நெஞ்சத்தையும் அனைவர்க்கும் அருள்வதாக. நாடு செழிக்க, நன்னீர் பெருக, எல்லோரும் இன்புற்றிருக்க.